பல்கோயோவின் வண்ண மலைகள்

பெரு நாட்டின் வானவில் மலை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 5,000 மீட்டரைத் தாண்டும் வினிகுங்காதான். ஆனால், குஸ்கோ நகரிலிருந்து சென்று ஒரே நாளில் திரும்பிவிடக்கூடிய இன்னொரு வண்ண மலைப்பகுதியான பல்கோயோவையே நான் தேர்ந்தெடுத்தேன். என்னைப்போல் முழங்கால்களின் அனுமதி கேட்டு நடப்பவர்களுக்கு அதுவே ஏற்றது. ஏறத்தாழ 4,900 மீட்டர் உயரம் என்றாலும், வாகனமே பெரும்பகுதி ஏற்றத்தைக் கடந்துவிடுவதால், நடக்க வேண்டியது மென்மையான சரிவில் சிறிது தொலைவு மட்டுமே.

கெச்சுவா மொழி பேசும் எங்கள் வழிகாட்டி, உயரத்தின் சோர்வைத் தணிக்க அங்குள்ளோர் மென்றுகொள்ளும் கோக்கா இலைகளைத் தந்து, யாரையும் அவசரப்படுத்தாமல் அழைத்துச் சென்றார். மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியைச் சற்றே தாண்டும் இடத்தில், அந்த நிதானம் பெரிய உபகாரம்.

மலைகளின் நிறங்கள் பூச்சல்ல. தொன்மையான படிவுப் பாறை அடுக்குகள், ஆண்டிஸ் மலைத்தொடரை எழுப்பிய நிலத்தட்டு மோதலில் மடிந்து சாய்ந்து, அரிப்பினால் வெளிப்பட்டிருக்கின்றன. சிவப்பு நிறம் இரும்பு ஆக்சைடினாலும், பச்சை நிறம் குளோரைட்டு போன்ற கனிமங்களாலும் வந்தவை. இணையப் படங்களில் காணும் பளபளப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றமே. உண்மையான நிறம் மங்கலானது, எனக்கோ அதுவே கூடுதல் அழகாகத் தோன்றியது. எதிரே, 6,300 மீட்டருக்கு மேல் உயர்ந்த அவுசங்காத்தே சிகரம் பனி போர்த்தி நின்றது.

செல்ல விரும்புவோர், 3,400 மீட்டர் உயரத்திலுள்ள குஸ்கோவில் ஓரிரு நாட்கள் தங்கி உடலைப் பழக்கிக்கொள்ளுங்கள். மே முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட காலமே உகந்தது. மற்ற மாதங்களில் பனி பெய்து நிறங்களை மறைத்துவிடக்கூடும்.