திருடிய ஜேடும் புளித்த கடைசலும்

கீழ் வீட்டு அக்காவின் பால்கனியில் ஒரு ஜேட் செடி, தொட்டி தெரியாத அளவுக்குப் படர்ந்து கிடக்கும். "அக்கா, ஒரு கிளை கொடுங்களேன்" என்று கேட்டுவிட்டேன். கேட்டதுதான் தப்பாம்.

"ஐயய்யோ, கேட்டு வாங்கினா வராதும்மா. திருடி வச்சாத்தான் வரும். நான் உள்ள போறேன், நீ திருடிக்கோ."

போயே விட்டார். கத்தரிக்கோலை வைத்தேனோ இல்லையோ, ஜன்னலில் இருந்து குரல்: "அந்தக் கிளை வேணாம், பார்க்க அழகா இருக்கு. பின்பக்கம் வெட்டு!" ஆக, உடமைக்காரர் மேற்பார்வையிலேயே ஏழு குச்சிகளைத் திருடினேன். கிளம்பும்போது காபி வேறு.

வந்த கையோடு ஈர மண்ணில் நட்டேன். ஐப்பசி மாதம், சென்னை மழை. போதாததற்கு என் மாமியார். "பச்சைப்பிள்ளையாட்டம் இருக்கு, பட்டினி போடலாமா?" என்று காலையும் மாலையும் ஒரு சொம்பு தண்ணீர். எட்டாம் நாள் ஒரு குச்சியைத் தொட்டேன். அடிப்பாகம் கறுத்து, கூழாகக் கையோடு வந்தது.

அத்தைக்குத் தெரிந்தது முருங்கைப் போத்து. வெட்டி ஊன்றி, தலையில் சாணியை அப்பினால் முடிந்தது. ஜேட் சாதி வேறு. தேவையான தண்ணீரை இலையிலேயே கட்டி வைத்திருக்கும். வெட்டிய குச்சியை நாலைந்து நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகுதான் நட வேண்டும். செம்மண்ணில் பாதிக்குப் பாதி மணல். நட்டு ஒரு வாரம் தண்ணீர் காட்டக் கூடாது.

தை பிறந்ததும் இரண்டாவது திருட்டு. இந்த முறை அக்கா உள்ளே கூடப் போகவில்லை, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார். நானும் கொஞ்சம் தாராளமாகவே வெட்டினேன். சமையல் மேடையின் ஓரத்தில் செய்தித்தாளை விரித்து உலர்த்தினேன்.

மூன்றாம் நாள் ஆபீஸ் விட்டு வந்தால் செய்தித்தாள் மட்டும் இருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குக் கீரைக் கடைசல். வாயில் வைத்ததும் சுள்ளென்று ஒரு புளிப்பு.

"என்ன கீரை அத்தை?"

"நீ வாங்கி வச்சிருந்த பருப்புக்கீரைதான். வாடுதேன்னு கடைஞ்சிட்டேன். இலை தடிமனா இருந்துச்சு, ஹைபிரிட் போல. தண்டு வேகாது, தூக்கிப் போட்டுட்டேன்."

கணவர் அப்போது இரண்டாம் முறை போட்டுக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும் போனை எடுத்தார். "ஜேட் செடி நாய், பூனைக்கு நஞ்சுன்னு போட்டிருக்கு" என்று வயிற்றைத் தடவினார். அதற்குள் அவருக்கு லேசாகத் தலை சுற்றவும் ஆரம்பித்துவிட்டது.

நான் படங்களை வைத்து ஒப்பிட்டேன். நஞ்சு என்று சொல்வது குராசுலா ஓவாட்டா, பெரிய இலைக்காரி. நம்மூர் நர்சரிகளில் ஜேட் என்று பெரும்பாலும் விற்பது சின்ன இலையும் சிவந்த தண்டும் உள்ள போர்ச்சுலகேரியா ஆஃப்ரா. அக்காவின் செடியும் இதுதான். இரண்டுக்கும் சொந்த ஊர் ஆப்பிரிக்காவின் தென்பகுதிதான். ஆனால் சின்ன இலைக்காரியை அங்கே யானைகள் விரும்பித் தின்னும், மனிதர்களும் தின்னலாம். போர்ச்சுலகா என்றால் நம் பருப்புக்கீரைச் சாதி. அதைப் போல இருக்கிறது என்றுதான் இந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்த தாவரவியல்காரருக்கும் எங்கள் அத்தைக்கும் ஒரே கண். கணவருக்குத் தலைசுற்றல் நின்றது.

தண்டுகளை அத்தை தூக்கிப் போட்டது, செத்துப்போன ரோஜாவின் தொட்டியில். செத்த செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்? மூன்று வாரம் கழித்துத் தொட்டியைக் காலி செய்யப் போனால், மொட்டைத் தண்டுகளின் கணுக்களில் கடுகளவு பச்சை. ஒன்றை மெல்ல இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. வேர் பிடித்திருந்தது. ஒன்றைத் தவிர எல்லாமே பிழைத்துவிட்டன.

இப்போது தொட்டி நிறைந்துவிட்டது. தண்ணீர் குறைந்தால் இந்தச் செடி பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு இரவில் காற்றை வாங்கும். வாங்கியதை அமிலமாகச் சேர்த்து வைக்கும். அதனால் காலையில் புளிப்பு தூக்கலாக இருக்கும், வெயிலில் செலவாகிச் சாயங்காலம் குறைந்துவிடும் என்று அத்தையிடம் ஒருநாள் வாயை விட்டேன். கீரை ஆசையை விட்டுவிடுவார் என்ற நினைப்பு.

அன்றிலிருந்து சாயங்காலம்தான் பறிக்கிறார்.