சேம்பு நின்ற இடம்

2015 அக்டோபரில், மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், பினாங்குத் தீவின் பாலேக் புலாவ் மலையடிவாரத்தில் ஒரு வீட்டின் பின்பக்க ஓடைக்கரையில் முந்நூறு ஐரிஸ் பூச்செடிகள் நட்டோம். அன்று கரையிலிருந்து ஒரு சாண் கீழேயே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஒட்டியே வரிசை பிடிக்கச் சொன்னவன் நான்தான். நான் செய்த தப்பு அது. தெரிய வர மூன்று மாதம் ஆனது.

வீட்டுக்கார அம்மா சீனர். இங்கிலாந்தில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அங்கே மே, ஜூன் மாதங்களில் ஓடை ஓரமெல்லாம் மஞ்சள் ஐரிஸ் பூத்து நிற்கும், அதே மாதிரி இங்கேயும் வேண்டும் என்று போட்டோக்களைக் காட்டினார். அந்த ஜாதி குளிர்காலத்தில் அடங்கிக் கிடந்து, வசந்தத்தில் எழுந்து பூப்பது. நமக்குக் குளிர்காலமும் இல்லை, வசந்தமும் இல்லை. அதைவிட முக்கியமாக எனக்கு இன்னொரு பயம் இருந்தது. அதன் விதை தண்ணீரில் மிதந்து போகும், கிழங்குத் துண்டு ஒன்று அடித்துப் போனாலும் போன இடத்தில் முளைக்கும். நியூசிலாந்திலும் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் அதைக் களை என்று ஒதுக்கியிருக்கிறார்கள். ஓடுகிற தண்ணீர் ஓரத்தில் அதை வைக்க மாட்டேன் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பதிலாக “நடக்கும் ஐரிஸ்” வைத்தோம். தென் அமெரிக்கா, கரீபியன் பக்கத்திலிருந்து வந்த அதே குடும்பத்துச் செடி, நம் வெயிலுக்குப் பழகியது. மஞ்சள் பூ, நடுவில் பழுப்புப் புள்ளிகள். காலையில் விரியும், அன்றைக்கே சுருண்டுவிடும். மறுபடி அதே தண்டில் இன்னொன்று வரும். பூத்து முடிந்த தண்டின் நுனியில் குட்டிச்செடி ஒன்று முளைத்து, கனம் தாங்காமல் தண்டு சாய்ந்து, மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விடும். அப்படி அடி அடியாக நகர்ந்து போவதால்தான் அந்தப் பேர். சீனப் புத்தாண்டுக்குள் பூத்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அந்த அம்மா போட்ட நிபந்தனை. 2016-ல் புத்தாண்டு பிப்ரவரி 8. நாள் தாராளமாக இருக்கிறது என்று நினைத்தேன்.

பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் கொட்டுகிற மழை ஜனவரியில் அடங்கிவிடும். இது எல்லா வருஷமும் நடப்பதுதான். அந்த வருஷம் எல் நினோவும் சேர்ந்துகொண்டது. மழை சுத்தமாக நின்றது. தீவின் மலைகள் கருங்கல் மலைகள். அந்தக் கல் சிதைந்து உண்டான மண் பருபருவென்று மணலாக இருக்கும். பெய்தால் உடனே குடிக்கும், நின்றால் உடனே விட்டுவிடும். ஓடைகளும் நீளம் குறைந்தவை, மலையிலிருந்து நேராகக் கடலுக்கு இறங்குபவை. மேலே மழை இல்லையென்றால் கீழே சில வாரத்தில் தெரிந்துவிடும்.

ஜனவரி 24 தைப்பூசம். தண்ணீர்மலையில் காவடி பார்த்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனேன். ஓடை என்று சொல்ல முடியாத நிலை. அங்கங்கே குட்டையாகத் தண்ணீர், நடுவில் வெள்ளை மணல். எங்கள் வரிசைக்கும் தண்ணீருக்கும் இடையில் ஓர் ஆள் உயரம் காய்ந்த கரை. இலைகளின் நுனி காய்ந்து, நடுவில் மடிந்து கிடந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. வேரில் ஒட்டியிருந்த மணல் உப்பு மாதிரி உதிர்ந்தது.

மோட்டார் வைத்துக் குட்டைத் தண்ணீரை இறைத்து ஊற்றலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் குட்டைகளில் விரல் நீளத்துக்கு மீன் இருந்தது, கண்ணாடி மாதிரி குட்டி இறால் இருந்தது. மழை வரும்வரை அவற்றுக்கு வேறு போக்கிடம் இல்லை. கீழே கம்பத்தில், அதாவது கிராமத்தில், ஒரு மலாய்க் குடும்பம் அதே ஓடையை நம்பிக் கீரை போட்டிருந்தது. பூவுக்காக அந்தத் தண்ணீரைத் தொட எனக்கு மனசு வரவில்லை, இன்றும் அந்த முடிவில் எனக்குச் சந்தேகமில்லை.

மேலே ஏறிப் பார்த்தால் டுரியான் பழத் தோப்பு ஒன்றிலிருந்து குழாய் இறங்கி, பெரிய குட்டையில் கிடந்தது. முதலில் கோபம் வந்தது. ஆனால் டுரியான் சங்கதி தெரிந்தவர்களுக்குப் புரியும். சில வாரம் நல்ல காய்ச்சல் இருந்தால்தான் மரம் பூக்கும். பூத்துப் பிஞ்சு பிடித்த பிறகோ வேர் காய்ந்தால் பிஞ்சு உதிர்ந்துவிடும். அந்த மனிதருக்கு அது ஒரு வருஷச் சம்பாத்தியம். நான் ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்தேன்.

எங்கள் குழுவில் ஒரு பெரியவர் இருந்தார். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர், கெடா மாநிலத்துக்காரர். மத்தியானம் ஒரு மணிக்கு, உச்சி வெயிலில் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, அந்தச் சேம்பப் பாருங்க.”

ஓடைப் படுகையில் காட்டுச் சேம்பு நிறைய இருந்தது. பெரும்பாலானவை இலையைத் தொங்கப் போட்டிருந்தன. ஆனால் வளைவு ஒன்றுக்கு உள்பக்கம், ஒரு பாறைக்குக் கீழே, பத்துப் பன்னிரண்டு மட்டும் இலையை விரித்து நிமிர்ந்து நின்றன. அதே வெயில்தான். பெரியவர் மண்வெட்டியால் அங்கே ஒரு முழம் தோண்டினார். மேலே காய்ந்த மணல், அப்புறம் சாம்பல் நிறச் சேறு. குழியில் மெதுவாகத் தண்ணீர் ஊறி வந்தது.

“ஓடுற தண்ணிய நம்பி நட்டுட்டீங்க. ஊறுற தண்ணி இங்க இருக்கு.”

“இத நான் அக்டோபர்லயே பாத்திருக்கணும், ஐயா.”

“அக்டோபர்ல எங்க தெரியும்? அப்ப எல்லாமே பச்சையாத்தான் இருக்கும்.”

அன்று சாயங்காலமே ஆரம்பித்தோம். ஐந்து மணிக்கு மேல், வெயில் இறங்கிய பிறகு மட்டும் வேலை. மத்தியானம் நிமிர்ந்து நிற்கும் சேம்புகளுக்குப் பக்கத்தில் மூங்கில் குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டி வைப்போம். சாயங்காலம் அந்தக் குச்சிகளைச் சுற்றி ஐரிஸ் இறங்கும். வேர் குறைந்த செடி அத்தனை இலையைச் சுமக்க முடியாது என்பதால் இலையைப் பாதியாக வெட்டினோம். மேலே காய்ந்த தேங்காய் மட்டையும் சருகும் கனமாகப் போட்டோம். மூன்று சாயங்காலத்தில் இருநூற்றிச் சொச்சம் மாற்றினோம். மீதி ஏற்கெனவே போய்விட்டது.

புத்தாண்டுக்குப் பூ இல்லை. அதை அந்த அம்மாவிடம் நேரில் போய்ச் சொன்னேன், காரணத்தையும் சொன்னேன். கரை ஓரம் மொட்டை அடித்த மாதிரி நின்ற செடிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “உயிரோடு இருக்கட்டும், பூ அப்புறம் வரும்” என்று மலாயில் சொன்னார். அதற்குப் பிறகு அரிசி கழுவிய தண்ணீரை வாளியில் பிடித்து வைத்து, தினமும் அவரே ஊற்ற ஆரம்பித்தார்.

ஏப்ரலில் வெயில் தாங்காமல் பெர்லிஸ் மாநிலத்திலும் கெடாவின் பெண்டாங் பகுதியிலும் பள்ளிகளை மூடினார்கள். அந்த வாரமும் போய்ப் பார்த்தேன். இடம் மாற்றியவற்றில் நடுக்குருத்து பச்சையாக இருந்தது. பிறகு ஒருநாள் சாயங்காலம் இடியோடு மழை பிடித்துக்கொண்டது. ஓடை ஒரே ராத்திரியில் ஏறி, கீழே இறக்கிய வரிசையில் ஒரு முனையை அடித்துக்கொண்டு போனது. தாழ நட்டால் அந்த ஆபத்து உண்டு என்பது தெரிந்தேதான் நட்டோம். மற்றவை சேற்றில் படுத்துக் கிடந்து, இரண்டு மூன்று நாளில் நிமிர்ந்தன.

ஜூனில் காலை ஏழரை மணிக்கு அந்த அம்மாவிடமிருந்து போன். “பதினாலு” என்றார். நான் முதலில் என்னவென்று புரியாமல் விழித்தேன். “பதினாலு பூ. சீக்கிரம் வாங்க, மத்தியானத்துக்கு மேல மூடிக்கும்.”

பெரியவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். பாறைக்குக் கீழே மஞ்சளாக நின்றிருந்தது. பெரியவர் பூவைப் பார்க்கவில்லை, குனிந்து மட்டையை விலக்கி மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

இப்போதெல்லாம் ஓடைக்கரை வேலை எந்த மாதத்தில் வந்தாலும், பிப்ரவரியில் ஒரு மத்தியானம் வந்து பார்க்காமல் செடி விலை பேசுவதில்லை. சிலர் காத்திருக்க மனசில்லாமல் வேறு ஆளிடம் போய்விடுகிறார்கள். வண்டியின் பின்னால் மூங்கில் குச்சிக் கட்டும், கிழித்து வைத்த சிவப்புத் துணியும் எப்போதும் கிடக்கும்.