டயல் டோன் வந்தால் போதுமா?

"டயல் டோன் வருதே சார், லைன் நல்லாத்தான் இருக்கு." நாகப்பட்டினத்தில் எங்கள் தெருவுக்கு ஃபைபர் வருவதற்கு முன்னால், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் இதைக் கேட்காத வருஷம் இல்லை. ஃபோனில் பேச முடியும். மோடத்தில் நெட் இணைப்பைக் காட்டும் டிஎஸ்எல் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கும்.

லைன்மேன் சொன்னது பொய் இல்லை. பேச்சுக்கு 3,400 ஹெர்ட்ஸ் வரை போனால் போதும். நெட்டைக் கொண்டுவரும் ஏடிஎஸ்எல்2+ என்ற முறை அதே ஜோடிக் கம்பியில் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறுகிறது. அதிர்வெண் கூடக் கூட செம்புக் கம்பியில் சிக்னல் சீக்கிரம் தேய்ந்துவிடும். 24 எம்பிபிஎஸ் என்று விளம்பரத்தில் வருவதெல்லாம் டெலிஃபோன் எக்ஸ்சேஞ்ச் வாசலில் குடியிருப்பவருக்குத்தான்.

தூரத்தை நாம் குறைக்க முடியாது. ஜாயின்ட்டை, அதாவது கம்பியோடு கம்பி சேரும் இடத்தை, சரிசெய்யலாம். எங்கள் ஊர் உப்புக்காற்றில் செம்பு சீக்கிரமே பச்சைக் களிம்பு பிடிக்கும். அதில் மழைத்தண்ணீரும் இறங்கினால் கேட்கவே வேண்டாம்.

பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் வரும் மோடத்தின் பக்கத்தில் இரண்டு எண்களைப் பார்ப்பேன். அட்டனுவேஷன், அதாவது வழியில் சிக்னல் தேய்ந்த அளவு, பெரும்பாலும் தூரத்தைச் சொல்லும். எஸ்என்ஆர் மார்ஜின், இரைச்சலைத் தாங்க இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்பதைச் சொல்லும். வழக்கமாக 6 டெசிபல் மிச்சம் வைத்துத்தான் மோடம் வேகத்தை முடிவு செய்யும். அது சுழியத்தை நெருங்கினால் இணைப்பு அறுந்து, குறைந்த வேகத்தில் மறுபடி சேரும். முதல் எண் அப்படியே இருக்க, மழையில் இரண்டாவது மட்டும் சரிந்தால் எனக்கு ஜாயின்ட் மேல்தான் சந்தேகம்.

வீட்டுக்குள்ளும் வில்லன் உண்டு. அதே லைனிலிருந்து மாடிக்கு இழுத்த பேரலல் கம்பி, நெட் சிக்னலையும் பேச்சையும் பிரிக்கும் ஃபில்டர் இல்லாத இரண்டாவது ஃபோன். வெளிக்கம்பி வந்து சேரும் முதல் டப்பாவிலேயே மோடத்தை நேராகச் செருகிப் பார்த்தால் கோளாறு உள்ளேயா வெளியேயா என்று தெரிந்துவிடும். அந்த மாடிக் கம்பியைக் கழற்றியதும் மார்ஜின் ஏறியது. மாடி ஃபோன் போனதற்கு அம்மாவிடம் வாங்கிய திட்டு தனிக்கதை.

அப்புறம், புகார். "நெட் ஸ்லோ" என்றால் மோடத்தை அணைத்துப் போடுங்கள் என்பார்கள். "ஃபோனில் கரகரப்பு" என்றால் ஏணியோடு ஆள் வருவார். ரிசீவரை எடுத்து ஏதாவது ஒரு எண்ணை அழுத்துங்கள்; டயல் டோன் அடங்கும். அந்த அமைதியில் காதை வைத்துக் கேட்டால், ஈரம் இறங்கிய லைன் லேசாகவாவது கரகரக்கும். புகாரில் அதைச் சொல்லுங்கள்.