காற்றுப் பட்டால் செத்துவிடுமா?

காற்றின்றி வாழும் பற்றீரியாக்களுக்கு ஒட்சிசன் பட்டவுடனே சாவுதான் என்று டியூஷன் குறிப்புகளில் இன்னும் எழுதிக்கொடுக்கிறார்கள். மனதுக்குப் பொறுக்கவில்லை.

கொழும்புப் பேர வாவிக் கரையில் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வருமே, ஐதரசன் சல்பைட்டு, அதை உண்டாக்கும் டெசல்ஃபோவிப்ரியோ போன்ற பற்றீரியாக்கள் அவ்வளவு எளிதில் மடிவதில்லை.

1971இல் மெக்கோர்ட், ஃப்ரிடோவிச் ஆய்வுக் குழுவினர், காற்றின்றி வாழும் பற்றீரியாக்களிடம் சுப்பர் ஒட்சைட்டு டிஸ்மியூட்டேஸ் (ஒட்சிசனிலிருந்து உண்டாகும் சுப்பர் ஒட்சைட்டு என்ற நச்சை முறிக்கும் நொதியம்) இல்லை, அதனால்தான் காற்று ஆகாது என்றார்கள். பிறகு பல இனங்களில் அது அகப்பட்டது. நம் குடலில் வாழும் பாக்டீரொய்டீஸ் ஃப்ராஜிலிஸிடம் ஐதரசன் பரஒட்சைட்டு என்ற நச்சை முறிக்கும் கற்றலேசு நொதியமும் உண்டு.

என்னை மலைக்கவைப்பது வேறொன்று. டிஸ்மியூட்டேஸும் கற்றலேசும் நச்சை முறிக்கும்போது ஒட்சிசனையே திரும்ப வெளிவிடுகின்றன. காற்றுக்கு அஞ்சும் உயிருக்கு அது எப்படிக் கட்டுப்படியாகும்? 1999இல், கொதிநீரில் வாழும் பைரோகொக்கஸ் ஃப்யூரியோசஸ் என்ற நுண்ணுயிரில் சுப்பர் ஒட்சைட்டு ரிடக்டேஸ் என்ற இன்னொரு நொதியம் இனங்காணப்பட்டது. டெசல்ஃபோவிப்ரியோவிலும் அது இருக்கிறது. இலத்திரன் கொடுத்துச் சுப்பர் ஒட்சைட்டை ஐதரசன் பரஒட்சைட்டாக்குகிறது. அதை ருப்ரெரித்ரின் என்ற இரும்புப் புரதம் நீராக்கிவிடுகிறது. இந்த வழியில் ஒட்சிசன் பிறப்பதே இல்லை! எவ்வளவு நேர்த்தி!

உயர்தர உயிரியல் படிக்கும் தம்பி தங்கைகள் உள்பெட்டியில் எழுதுங்கள். ஞாயிறு பின்னேரம் வெள்ளவத்தையில் உட்கார்ந்து படம் வரைந்தே விளக்குகிறேன்.