ஆறில்லாக் குடாநாட்டின் அடிக்கல்

"மயோசீன் காலச் சுண்ணக்கல்" என்று புவியியல் கொப்பியில் எழுதிப் பாடமாக்கினோம். சோதினையோடு மறந்தும் போனோம். யாழ்ப்பாணத்தின் தோட்டம், வியாபாரம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்தக் கல்லில்தான் தொடங்குகின்றன.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டும் மழையில் ஒரு பங்கு கல்வெடிப்புகளுக்குள் இறங்கித் தேங்குகிறது. அடியில் இருப்பது கடலோடு தொடுத்த உப்புத் தண்ணீர்; பாரம் குறைந்த நல்ல தண்ணீர் அதன்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு அது இருக்கும். இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், உவர் 40 அடி ஏறிவரப் பார்க்கும். நிலாவரைக் கிணற்றிலும் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. நாங்களோ அதை 'அடியில்லாக் கிணறு' என்று எட்டிப் பார்த்ததோடு சரி.

கிணற்றில் தண்ணீர் இறைக்கத் துலா இருந்தவரை இந்தக் கணக்கு தானாகவே சரியாக நடந்தது. ஆடுகால்களுக்கு நடுவே துலா, நுனியில் கொடி, கொடியில் தண்ணீர் அள்ளும் பட்டை. இரண்டு மூன்று பேர் துலாவின் மேல் முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பார். மற்றவர் மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். விடியப்புறம் தொடங்கி வெயில் ஏறும்போது ஓய்வார்கள். அந்த நேரத்தில் கிணறு ஊறும். பிறகு வந்த இறைக்கும் மிசினுக்குக் களைப்பில்லை. மண்ணெண்ணெய் உள்ளவரை இழுத்தது, கரையோரக் கிணறுகள் கரித்தன.

கோண்டாவில், உரும்பிராய், சுன்னாகம், ஏழாலைப் பக்கத்துச் செம்பாட்டு மண்ணும் சும்மா விளைந்ததல்ல. ஆட்டுப்பட்டி அடைத்து, தழை தாழ்த்துத்தான் புகையிலையும் வெங்காயமும் போட்டார்கள். புகையிலை திருவிதாங்கூர் வரை போனது, சுருட்டாகித் தென்னிலங்கைக் கடைகளுக்கும் போனது. 1970க்குப் பிறகு இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது மிளகாயும் வெங்காயமும் நல்ல காசு தந்தன. 1977இல் இறக்குமதி திறந்ததும் விலை விழுந்தது. அந்த ஏழாண்டுச் செழிப்பை ஊரின் பொற்காலமென்று கொண்டாடுகிறவர்கள், அப்போது எத்தனை மிசின்கள் கிணறுகளில் இறங்கின என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

நல்ல தண்ணீர் குறைந்த புங்குடுதீவிலும் காரைநகரிலும் இருந்து ஆட்கள் கடை வைக்கத் தெற்கே போனார்கள். குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் காணி துண்டுபட்டுச் சிறுத்தபோது ஆங்கிலப் படிப்பு கைகொடுத்தது. அமெரிக்க மிசனரிமாரின் வட்டுக்கோட்டை செமினரி 1823இலேயே தொடங்கியிருந்தது. மலாயாவின் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர்கள் நிறைந்ததற்கு இப்படியான பள்ளிகள்தான் காரணம். வெளிநாட்டுக் காசு நம் தலைமுறையோடு வந்ததல்ல. காங்கேசன்துறைச் சிமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கி 1990இல் போரோடு நின்றது. அதற்கு மூலப்பொருளும் தண்ணீரைத் தாங்கும் இதே சுண்ணக்கல்தான்.

இப்போது நாங்கள் வெளிநாட்டிலிருந்து ஊரில் வீடு கட்டக் காசு அனுப்புகிறோம். 'ஆழமாகக் குழாய்க்கிணறு அடித்தால் தண்ணீர் குறையாது' என்று யாரும் சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஆழம் கூடக் கூட உப்பைத்தான் தொடுவீர்கள். அகலமான, ஆழங்குறைந்த திறந்த கிணறு போதும். ஒரே மூச்சில் இறைக்காமல், இடையில் ஊறவிட்டு இறைக்கச் சொல்லுங்கள். வெடிப்புள்ள சுண்ணக்கல் அழுக்கை வடிகட்டாது. அடி திறந்த மலசலகூடக் குழியிலிருந்து கழிவு நேரே கிணற்றுக்கு வரும். பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் போகும். தோட்டத்தில் அளவுமீறிப் போடும் யூரியாவிலிருந்து வரும் நைத்திரேற்று என்னும் உப்பும் அதே வழியில் இறங்குவதால், பச்சைக் குழந்தைக்குப் பால்மா கரைக்குமுன் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

மலசலகூடக் குழிக்கு அடியும் சுவரும் கொங்கிறீற்றில் போட்டு, கிணற்றிலிருந்து காணி இடம் தரும் அளவுக்குத் தள்ளி வையுங்கள். குழி எங்கே வருகிறது என்பதை அத்திவாரம் வெட்டுமுன் மேசனிடம் கேட்டுவிடுங்கள். பக்கத்துக் காணிக் கிணறு எங்கே இருக்கிறது என்றும் சேர்த்துக் கேளுங்கள்.