விளிம்பில் நின்றவை

உடலிலிருந்து எடுத்த திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் நோய்க்கூறியல் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் வருடம். மார்பகப் புற்றுநோய்க்காக அறுவை செய்து எடுத்த 14 நிணநீர் முடிச்சுகள், நோய் அங்கே பரவியிருக்கிறதா என்று பார்க்க, என் மேசைக்கு வந்திருந்தன. ஒன்பதாவது ஸ்லைடையும் பார்த்துவிட்டுப் ‘புற்று இல்லை’ என்று குறித்தேன். மாலை நேரம், கண் அசந்திருந்தது என்று சாக்குச் சொல்லலாம், உண்மை அதுவல்ல. நடுப்பகுதியில் மட்டும்தான் தேடியிருந்தேன்.

மூத்த மருத்துவர் அதே ஸ்லைடைத் தன் மைக்ரோஸ்கோப்பில் வைத்தார்.

“நிணநீர் இதற்குள் எந்த வழியாக வரும்?”

“விளிம்பு வழியாக, சார்.”

“அப்படியானால் வந்தவன் முதலில் எங்கே நிற்பான்?”

முடிச்சின் உறைக்குச் சற்றுக் கீழே, மெல்லிய வாய்க்கால் போன்ற இடத்தில் நின்றிருந்தது. சுற்றியிருந்த நிணச் செல்களைவிடப் பெரிய, வெளிறிய செல்களின் சிறு கொத்து. அளந்தால் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் 0.2 மில்லிமீட்டரைத் தாண்டினாலே அதை நுண்பரவல் என்று எழுதியாக வேண்டும். அறிக்கை இன்னும் வெளியே போகவில்லை, அன்றைக்குத் தப்பித்தேன்.

கட்டி என்றதும் எல்லோரும் முதலில் அளவைத்தான் கேட்கிறார்கள். அளவும் முக்கியம்தான். ஆனால் கருப்பைத் தசைக்கட்டி கிலோக்கணக்கில் கனக்கும். வேறு உறுப்புக்குப் போய்க் குடியேறாது. மார்பகத்தில் சுண்டுவிரல் நகமளவு இருக்கும் புற்று அப்படிப் போய்க் குடியேறிவிடக்கூடும். நாங்கள் தேடுவது வேலியை. பால்நாளத்துச் செல்களுக்கும் வெளியே உள்ள திசுவுக்கும் நடுவே அடித்தளச் சவ்வு என்ற மெல்லிய படலம் உண்டு. நாளம் முழுக்கப் புற்றுச் செல்கள் அடைத்துக் கிடந்தாலும், ஓரம் வழவழவென்று வட்டமாக இருந்தால் அவை இன்னும் உள்ளேதான் இருக்கின்றன. ஓரிடத்தில் அந்த வட்டம் கிழிந்து, ஊதா நிற உட்கருக்கள் இளஞ்சிவப்புத் திசுவுக்குள் சிதறிக் கிடந்தால் கதையே வேறு. மார்பகப் புற்றின் ஒரு வகையில், செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஈ-கேட்ஹெரின் புரதம் இல்லாமற்போய், அவை எறும்புச் சாரையாக ஒற்றை வரிசையில் கிளம்பியிருக்கும். பார்க்க அழகாகக்கூட இருக்கும், சொல்லக் கூடாதுதான்.

“ஊசி குத்திச் சதை எடுத்தால் பரவிவிடாதா?” என்று உறவினர்கள் கேட்பதுண்டு. மூடநம்பிக்கை என்று அதைத் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. கேள்வியில் நியாயம் இருக்கிறது. விதைப்பையில் புற்று என்று சந்தேகம் வந்தால் மருத்துவர்கள் வழக்கமாக ஊசி குத்துவதில்லை. மற்றபடி ஊசி போன தடத்தில் புற்று முளைப்பது அபூர்வம். கட்டியும் எங்கள் ஊசிக்காகக் காத்திருப்பதில்லை. தானாகவே செல்களை ரத்தத்தில் உதிர்த்துக்கொண்டிருக்கிறது. உதிர்ந்தவற்றில் ஏறக்குறைய எல்லாமே வழியிலேயே செத்துப்போகின்றன. ரத்த ஓட்டத்தின் உலுக்கலுக்குத் தப்பி, எதிர்ப்புச் செல்களுக்குத் தப்பி, ரத்தக்குழாய்ச் சுவரைத் துளைத்து இறங்கி, அந்நிய உறுப்பில் பிழைக்க வேண்டும்.

லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீஃபன் பேஜட் 1889-இல், மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் பதிவுகளைப் புரட்டினார். கல்லீரலில் அடிக்கடி பரவியிருந்த நோய், ரத்தம் தாராளமாகப் பாயும் மண்ணீரலில் அரிதாகவே இருந்தது. விதை எங்கும் விழும், ஒத்துக்கொள்ளும் மண்ணில்தான் முளைக்கும் என்றார். வெறும் வாய்க்கால் கணக்கும் பொய்யில்லை. பெருங்குடலின் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போகிறது. குடல் புற்றும் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தங்குகிறது.

ஒருமுறை கல்லீரலிலிருந்து எடுத்த நூல் போன்ற திசு வந்தது. கூட வந்த படிவத்தில் ‘கல்லீரல் புற்று?’ என்று மட்டும் இருந்தது. செல்களோ கல்லீரலின் சாயலில் இல்லை. மார்பகப் புற்றுச் செல்கள் பலவற்றின் உட்கருவில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி என்ற புரதத்தைக் காட்டும் சாயம் போட்டோம். உட்கருக்கள் பழுப்பாக மாறின. சிகிச்சை மருத்துவருக்குத் தொலைபேசியில் பேசினேன். அவர் நோயாளியிடம் கேட்டுவிட்டு வந்தார்: 12 வருடத்துக்கு முன்னால் இதே மருத்துவமனையில் ஒரு மார்பகத்தை எடுத்திருக்கிறார்கள். குணமாகிவிட்டதே என்று அந்த அம்மா சொல்லாமல் விட்டிருக்கிறார்.

அன்று எடுத்த திசுவைப் பதித்து வைத்திருந்த மெழுகுக் கட்டியைக் கிடங்கிலிருந்து தேடி எடுத்து, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் புதிதாகச் சீவி, அதே சாயம் போட்டேன். பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். எது எந்த வருடத்துடையது என்று அறிய லேபிளைத்தான் படிக்க வேண்டியிருந்தது.