காலுக்குள்ள இருக்கற சத்தம்

எங்க மியூசியத்துல இருக்கற ஒரு பழைய ஜாடியோட சத்தத்தை ரெக்கார்ட் பண்ணலாமான்னு டிசைனர் பொண்ணு கேட்டப்போ நான் "முடியாது"ன்னு சொன்னது சரிதான்னு இன்னைக்கும் சொல்வேன், ஆனா அவ திருப்பிக் கேட்டதுக்கு மட்டும் பதில் சிக்க மாட்டேங்குது.

மத்திய அமெரிக்காவுல கோஸ்டா ரிக்கா நாட்டுல குவானகாஸ்தே பக்கத்து ஜாடி அது, ஜாகுவார்ங்கற சிறுத்தை மாதிரி மிருகத்தோட உருவத்துல இருக்கும். பட்டாக்கி பாலிக்ரோம்னு சொல்ற பல நிறம் தீட்டின வகை, கி.பி. 1000-லேர்ந்து 1350-க்குள்ள செஞ்சது. வெள்ளைப் பூச்சு மேல சிவப்பும் கருப்பும், முன்னாடி துருத்திட்டு நிக்கற தலை, கை ரெண்டும் முழங்கால் மேல, பின்னாடி வால்தான் மூணாவது கால். கை கால் மேலயும் குட்டிக் குட்டியா கருப்பு ஜாகுவாருங்க ஓடும். காலுக்குள்ள பொள்ளலா விட்டு மண் உருண்டை போட்டிருக்காங்க, லேசா நகர்த்தினாலே கலகலன்னு கேக்கும்.

அந்தச் சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி ஹால்ல போடணும்னு கேட்டா. ஒரு கால்ல பழைய பசை ஒட்டு இருக்கு, உருண்டை இடிச்சு விட்டுப்போச்சுன்னா யார் பதில் சொல்றதுன்னு கேட்டேன். அவ சத்தமே போடாம, "செஞ்சவங்க கேக்கணும்னுதானே உள்ள போட்டாங்க?"ன்னா.

பூசாரி ஜாகுவாரா மாறுவார், ராத்திரி வேட்டையாடற மிருகத்தோட பலம் தலைவனுக்கு வரும்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றதைத்தான் லேபிள்ல போடறோம், ஆனா இந்த ஜாடிக்கு அதை உறுதியா சொல்ல வழியில்ல. பனாமாவுல சித்தியோ கான்ட்டேங்கற இடுகாட்டை 1930-கள்ல லோத்ராப்ங்கற தொல்லியல்காரர் முறையா தோண்டினதால, முதலை உருவம் போட்ட தட்டு எந்தப் பொணத்துக்குப் பக்கத்துல கிடந்துச்சுன்னு பதிவு இருக்கு, அதை வெச்சுப் பேசலாம். ஆனா குவானகாஸ்தே ஜாடிங்கள்ல நிறைய திருட்டுத்தனமா தோண்டி வித்தது, எங்க ஜாடிக்கும் குழி எது, கூட என்ன இருந்துச்சுங்கற பதிவு கிடையாது. எல்லாத்தையும் அழிச்சவங்களால அந்தக் கால்ல இருக்கற சத்தத்தை மட்டும் அழிக்க முடியல, அதையும் கேக்க விடாம நிறுத்தி வெச்சது நான்தானேன்னு ஒரு பக்கம் ஓடுது. உடைஞ்சா அப்புறம் சத்தமும் இல்ல ஜாடியும் இல்லைன்னு இன்னொரு பக்கம்.

குவானகாஸ்தேல குவாய்த்தில்ங்கற ஊர்க் குயவருங்க இன்னும் பழைய டிசைன்ல செய்யறாங்க, அவங்ககிட்ட ஒண்ணு செஞ்சு வாங்கி ஆட்டலாம்னு சொல்லிப் பாத்தேன். "அது அவங்க சத்தம், இதோடது இல்ல"ன்னுட்டா.

ஜாடி இருக்கற கண்ணாடிக் கேஸை மாத்தறப்போ எப்படியும் தூக்கித்தான் ஆகணும், தூக்கினா கேக்கத்தான் செய்யும், அப்போ பக்கத்துல மைக் வெச்சுக்கோன்னு அவகிட்ட சொல்லலாமான்னு பாக்கறேன், சொன்னா அன்னைக்கு நான் மறுத்தது எதுக்குன்னு கேப்பா.